சாவி யாரிடம்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சேலத்தில் மாம்பழ வரத்தும் பள்ளிச் சேர்க்கையும் சேர்ந்தே சூடுபிடிக்கும். அஸ்தம்பட்டியில் தொடங்கி கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் வரை சாலையின் இருபுறமும் தனியார் பள்ளிகளின் பலகைகள் முளைத்துவிடும். முன்பெல்லாம் அவற்றில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் முகங்கள்தான் இருக்கும். இப்போது முகங்களுக்கு மேலே இன்னொரு வரி ஏறியிருக்கிறது. ரோபோட்டிக்ஸ் ஆய்வகம், செயற்கை நுண்ணறிவு வகுப்பு, முப்பரிமாண அச்சுப்பொறி, பச்சைத் திரையுடன் ஒளிப்பதிவுக் கூடம். எங்கள் மாணவர்களே நடத்தும் தொலைக்காட்சி என்றுகூட ஒரு பலகையில் பார்த்தேன்.

நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது அடிவாரத்துப் பக்கம் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் வாரம் ஒருநாள் ஊடக மன்றம் நடத்துகிறேன். அதனால் சேர்க்கைக் காலத்தில் உறவினர்களும் தெரிந்தவர்களும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "எந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர், மீடியா எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" நான் பள்ளியின் பெயர் எதையும் சொல்வதில்லை. பார்க்கப் போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். அந்த ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

தாளாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றால் அந்த அறை பெற்றோருக்காகக் கட்டப்பட்டது. கணினி ஆசிரியரிடம் என்றால் பரவாயில்லை, வாரம் ஒருமுறையாவது திறக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய், மாலையில் பள்ளிப் பேருந்து கிளம்பும் முன் திருப்பிக் கொடுக்கிறாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். உள்ளே இருக்கும் கருவி பழையதா புதியதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பணம் மட்டுமே தடையாக இருந்த காலம் ஓரளவு போய்விட்டது. பிள்ளைகள் கருவிகளைத் தாங்களே செய்து பார்ப்பதற்காக 2016-ல் மத்திய அரசின் நிதி ஆயோக் கொண்டுவந்த அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்துக்கு அரசுப் பள்ளியும் விண்ணப்பிக்க முடிந்தது, தனியார் பள்ளியும் விண்ணப்பிக்க முடிந்தது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் 10 லட்சம் ஆய்வகம் அமைக்க, மீதி 10 லட்சம் சில ஆண்டுகளுக்கு அதை நடத்த. திட்டம் தீட்டியவர்களுக்கு நடத்துவதற்கும் அமைப்பதற்கு ஈடான செலவு ஆகும் என்று தெரிந்திருக்கிறது. சொந்தப் பணத்தில் ஆய்வகம் கட்டும் நிர்வாகங்களில் நான் பார்த்தவரை முதல் பாதியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார், ரிப்பன் வெட்டுவார், மின்னணுப் பலகையில் ஒரு சிறிய விளக்கு கண்சிமிட்டும், கைதட்டல். அடுத்த மாதம் ஒரு சென்சார் பழுதானால், முந்நூறு ரூபாய்க்கு வேறொன்று வாங்க யாரிடம் சீட்டு எழுதிக் கேட்பது என்று எவருக்கும் தெரியாது.

பாடத்திட்டத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அது அவ்வளவு மோசமில்லை. மாநிலப் பாடநூலில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் சி++ நிரல்மொழியைக் கற்றுத்தருகிறது, பன்னிரண்டாம் வகுப்பு பைத்தான் நிரல்மொழியையும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையும். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. சிபிஎஸ்இ பள்ளிகளில் 2019-20 முதல் ஒன்பதாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவைத் திறன் பாடமாக எடுக்கலாம். பதினொன்று, பன்னிரண்டில் ஊடகவியலுக்கென்றே அங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஏன், நம் மாநிலத்துப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகைப் புரட்டிப் பாருங்கள். காட்சித் தொடர்பு பற்றியது. ஸ்க்ராட்ச் மென்பொருளில் பொம்மைகளை நகர்த்திக் கதை சொல்லும் வழி அதில் இருக்கிறது. இருபத்து மூன்றாவது அலகு என்பதுதான் அதன் தலைவிதி. அந்த அலகுக்கு வருவதற்குள் திருப்புதல் தேர்வு வந்துவிடுகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடையை மட்டும் அடிக்கோடிட்டுவிட்டு ஒளியியலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். செய்து பார்க்க வேண்டிய ஒரே பாடத்தைச் செய்யாமலே மனப்பாடம் செய்ய வைக்கும் சாமர்த்தியம் நமக்குத்தான் வரும்.

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தின் பள்ளிப் பண்பாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்துவது இங்கே பல விடுதிப் பள்ளிகளில் எழுதாத சட்டமாக இருந்தது. அதை உடைக்கத்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2017-லேயே மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்தியது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அந்தப் பதினோராம் வகுப்புத் தேர்வும் போய்விட்டது. விதிகள் வந்தன, போயின. கால அட்டவணையில் கணினிப் பாடவேளையின் மேல் கணிதத்துக்கு இருக்கும் கண் மட்டும் அப்படியே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்ணில் கணினிக்கென்று தனியாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அப்புறம் யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இந்த ஊரில் இது கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் பள்ளிப் பேருந்து தினமும் கடந்துபோகும் ஏற்காடு சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மிஞ்சியிருக்கிறது. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஊர் திரும்பி 1930-களில் இங்கே சினிமாக் கம்பெனி தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, படச்சுருள் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இந்தச் சேலத்தில் தயாரானது. 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்துதான் வெளியானது. கருணாநிதி இங்கே வசனம் எழுதியிருக்கிறார், கண்ணதாசன் வேலை பார்த்திருக்கிறார். சென்னைக்குப் போகாமலே படம் எடுக்க முடியும் என்று ஒரு நெசவுப் பொறியாளர் காட்டிவிட்டுப் போன ஊரில், ஒளிப்பதிவுக் கூடம் என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் "அதெல்லாம் சென்னைப் பிள்ளைகளுக்கு" என்கிறார்கள்.

மன்றத்துப் பிள்ளைகள் முதலில் செய்ய விரும்பியது இந்த வளைவைப் பற்றிய குறும்படம்தான். பள்ளியின் பெரிய கேமராவைக் கேட்டார்கள். ஆண்டுவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் கேமரா அது. கொடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. படத்தைவிட ஒலியில் தொடங்குவது நல்லது என்பது என் பிடிவாதம். படம் சுமாராக இருந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி சரியில்லை என்றால் பத்து வினாடியில் அணைத்துவிடுவார்கள். நான்கு ரோடு பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் காலர் மைக் கிடைக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் திரை கீறிய பழைய போன் ஒன்று போதும், சிம்கூட வேண்டாம்.

பழைய ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கும் வேலை பார்த்த முதியவர் ஒருவர் கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பதாக ஒரு மாணவியின் பாட்டி சொன்னார். போனோம். திண்ணையில் உட்கார வைத்து, மைக்கை அவருடைய துண்டில் குத்தி, பதிவை ஆரம்பித்தார்கள். அரைமணி நேரம் அருமையாகப் பேசினார். ஒரு விளக்கின் முன்னால் நின்றாலே சட்டை நனைந்துவிடும் என்றார். "வெளிச்சம் போடுகிறவன் முகம் எப்போதும் இருட்டில்தான் இருக்கும், கண்ணு" என்றார். பள்ளிக்கு வந்து போட்டுக் கேட்டால், அவர் தோளை அசைத்தபோதெல்லாம் துண்டு மைக்கில் உரசும் சத்தம்தான் முன்னால் வருகிறது. நல்ல வரி வரும் இடத்தில் சரியாக ஒரு பஸ்ஸின் ஏர் ஹாரன்.

இந்தப் பதிவைத் திருத்த முயன்ற இரண்டு மூன்று வாரங்களில் அவர்கள் கற்றது கணினிப் பாட நூலில் ஒரு பருவத்துக்கு வரும். ஆடாசிட்டி ஒலியைத் திருத்தும் இலவச மென்பொருள். பள்ளி ஆய்வகத்துப் பழைய கணினியிலும் தள்ளாடாமல் ஓடும். அதில் இரைச்சலைக் குறைக்க, யாரும் பேசாத ஒரு துண்டை முதலில் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்ட வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு துண்டே இல்லை, தாத்தா இடைவெளி விடாமல் பேசியிருந்தார். கிடைத்த அரை வினாடியை வைத்து அழுத்தினால் அவர் குரல் மூக்கனேரித் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. இன்னொரு மாணவன் பதிவை வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பி வைத்திருந்தான். அது கோப்பைச் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "மிஸ், நாம் ஏன் திரும்பப் போய்க் கேட்கக்கூடாது?"

போனார்கள். இந்தமுறை வீட்டுக்குள்ளே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கைத் துண்டில் குத்தாமல் சட்டைப் பித்தான் ஓரத்தில் வைத்து, பேச்சு தொடங்கும் முன் அரை நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அறையின் சும்மா சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். தாத்தா அதைப் பார்த்துச் சிரித்தாராம். "எங்கள் சவுண்ட் இன்ஜினியரும் இப்படித்தான் எங்களை மூச்சுவிடாமல் நிற்க வைப்பார்." ஒலியால் மட்டுமே கதை சொல்லும் அவர்களுடைய ஒலிப்படம் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்குகிறது. முதல் பதிவு சரியாக வந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

மலைமேல் ஒரு நாள் போனதையும் சொல்லிவிடுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி, அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போனது ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்காக. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்று சமூக அறிவியல் நூலில் படித்திருந்தார்கள். அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912-ல் மறைந்தார், அங்கே ஹோலி டிரினிடி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது என்று நான் சொன்னபோது வகுப்பில் ஒருவித அவநம்பிக்கை. பாடநூலில் வரும் ஒருவர் நம் பஸ் போகும் ஊரில் இருந்திருக்க முடியாது என்பது அவர்களுடைய எண்ணம். அங்கே நின்று பேசிய எட்டு நிமிட ஒலிப்பதிவில் இரண்டு நிமிடம் காற்று. மைக்குக்குப் பஞ்சு உறை போட மறந்திருந்தார்கள். ஆனால் திரும்பும் வழியில் காப்பித் தோட்டத்துப் பெண்கள் சிலரிடம் அவர்கள் கேள்வி கேட்ட விதம் மாறியிருந்தது. ஊர்ப் பெயரை, தோட்டத்தின் பெயரை, வேலையின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இதற்காக நான் அவர்களிடம் எவ்வளவு கத்தியிருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் இனிமையான பகுதி. பள்ளி நிர்வாகத்துக்கும் இனிமை. சுந்தரத்தின் வளைவையும் ஃபூட்டின் கல்லறையையும் பற்றிப் பிள்ளைகள் ஒலிப்படம் செய்தால் எந்தத் தாளாளரும் மறுக்கமாட்டார். மதில்சுவருக்கு உள்ளே திரும்பும்போதுதான் மாணவர் ஊடகம் என்ற சொல்லுக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புத் தங்கையின் புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்த ஒரு மாணவி, "இதைச் செய்தியாக்கலாமா?" என்று கேட்டாள். அதற்கான அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. 2020-ல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் அதே பத்து விழுக்காட்டைத்தான் சொல்கிறது. எனவே கேள்வி சுத்தமானது: நம் பள்ளியில் எத்தனை பைகள் எல்லைக்குள் இருக்கின்றன?

அடுத்த மாதம் முழுவதும் மன்றம் இந்த ஒரு வேலையைத்தான் செய்தது. பௌதிக ஆய்வகத்திலிருந்து சுருள்வில் தராசு, முதலுதவி அறையிலிருந்து ஆள் எடை பார்க்கும் இயந்திரம். முதல் நாளே சிக்கல். பையை எல்லோரும் தந்தார்கள், தராசில் ஏறச் சில பெண்பிள்ளைகள் மறுத்தார்கள். எடையைச் சத்தமாகச் சொன்னால் நாளை அதுவே பட்டப்பெயர் ஆகிவிடும். நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். திரைக்குப் பின்னால் ஒருவர் மட்டும் குறிப்பது, பெயர் எழுதாமல் எண் மட்டும் கொடுப்பது, கணக்கு முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுவது. நாளிதழ் அலுவலகங்களில் இவ்வளவு நாகரிகத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடநூலில் படித்த பைத்தானை வைத்துச் சிறிய நிரல் எழுதினான். பையின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், பத்துக்கு மேல் போனால் தனியாகப் பிரிக்க வேண்டும். பத்து வரிகூட இராது. செய்முறைத் தேர்வுக்கு அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த நிரல்களைவிடச் சிறியது. ஆனால் அது பிழை காட்டியபோது அவனுக்குக் கோபம் வந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எவரோ எடையைக் கிலோவில் எழுதாமல் கிராமில் எழுதியிருந்தார்கள். ஒரு குழந்தையின் பை அந்தக் குழந்தையைவிட நூறு மடங்கு கனமாகக் கணக்கில் வந்தது. சராசரி போடலாமா என்று தகராறு வந்தபோது கணித ஆசிரியரைக் கூப்பிட்டோம். என் பாடவேளையின் மேல் கண்வைத்திருப்பவர் இவரேதான். வந்தவர், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலை அளவை விளக்கிவிட்டு, மணி அடித்த பிறகும் போகவில்லை. முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பெரும்பாலான பைகள் எல்லையைத் தாண்டியிருந்தன. எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை வீட்டிலிருந்தே சுமந்து வருகிறவர்கள் நிறைய. தவறு முழுவதும் பள்ளியுடையது என்ற தலைப்பைப் பிள்ளைகள் தாங்களே அடித்துவிட்டார்கள்.

தாளாளர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். "மேடம், பிள்ளைகள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் சேர்க்கை நேரத்தில் இது யூடியூபில் வந்தால் பக்கத்துப் பள்ளிக்காரர் நோட்டீஸாகவே அடித்துவிடுவார்." அவர் கவலை பொய்யில்லை. தனியார் பள்ளி என்பது கட்டணத்தில் ஓடுவது, பெயர் கெட்டால் சம்பளம் நிற்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'தேன்சிட்டு' என்று அரசே ஓர் இதழ் நடத்துகிறது, அதில் அவர்களுடைய எழுத்தும் வருகிறது. தனியார் பள்ளியில் அச்சிடுகிறவரும் தாளாளரே, தணிக்கை செய்கிறவரும் அவரே, செய்திக்குப் பொருளாகிறவரும் அவரேதான். இந்த முடிச்சை எந்த ஸ்டூடியோவும் அவிழ்க்காது.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். வெளியிடுவதா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிள்ளைகளுக்குப் பேட்டி கொடுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் தரப்பைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். யோசித்தார், ஒப்புக்கொண்டார். இரண்டு மாணவிகள் அவர் அறையில் மைக்கை வைத்து, எழுதிக்கொண்டு போன கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள். "அட்டவணைப்படி தினமும் எட்டுப் பாடப் புத்தகம் தேவைப்படுவது ஏன், சார்?" அவரிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னார், அதுவும் பதிவாகியிருக்கிறது. யூடியூபில் வரவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முழுச் செய்தியையும், அவருடைய பதிலோடு, வாசித்தார்கள். இப்போது ஆறாம் வகுப்பில் வேலைப் புத்தகங்களை வகுப்பறை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏழாம் வகுப்புக்கு இன்னும் அலமாரி வரவில்லை. பிள்ளைகள் அதை மாதாமாதம் நினைவூட்டுகிறார்கள், எனக்கே சங்கடமாக இருக்கும் அளவுக்கு.

பள்ளி தன்னுடைய ஆண்டு மலரைத்தான் மாணவர் இதழ் என்று சொல்லிக்கொள்கிறது. அதைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதி என்ன ஆகப்போகிறது. வாழ்த்துச் செய்திகள், சிறப்பு விருந்தினர் சால்வை வாங்கும் படங்கள், பிறகு பொன்மொழிகள், விடுகதைகள், நீர் உயிரின் ஆதாரம் என்ற கட்டுரை. அதில் எனக்குப் பிடித்த வேலை ஒன்று மட்டும் நடந்தது: தட்டச்சு. பிள்ளைகள் எல்லோரும் போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைப்பவர்கள். அவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய் வரிசை வலக்கைக்கு. க என்ற விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக் க்க ஆக்கிவிடும், ந-வை அடுத்து த தட்டினால் ந்த. இலக்கண வகுப்பில் இன எழுத்து என்று படித்ததை விசைப்பலகை அறிந்து வைத்திருக்கிறது என்று கண்டதும் ஒருத்திக்கு வந்த சிரிப்பை மறக்க முடியாது. ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் வேகம் பிடிக்கும். இப்படி ஒருங்குறியில் (யூனிகோடில்) அழகாகத் தட்டிக் கொடுத்த பக்கங்களை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். பாதி ஒற்றுகள் காணாமல் போய்த் திரும்பி வந்தன. மெய்ப்பு பார்க்கவும் அப்போது கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் பிள்ளைகள் ஆடுவதும் பாடுவதும், இந்தப் பள்ளிதான் சிறந்த பள்ளி என்று மழலையில் சொல்வதும் தினமும் வருகிறது. இதை மாணவர் ஊடகம் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். அது விளம்பரம், நடிப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதுதான் வித்தியாசம். 2023-ன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக்கூடாது என்று 2012-ன் போக்சோ சட்டம் சொல்வதை மன்றத்துப் பிள்ளைகளுக்கு முதல் மாதமே சொல்லிவிடுகிறேன், பெயரை விட்டுவிட்டுப் பள்ளியையும் தெருவையும் எழுதினாலும் அது அடையாளம்தான் என்பதையும் சேர்த்து. அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், படங்களைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்ற சிறிய எழுத்து வரியில் நாம்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

இதையெல்லாம் கற்று என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் அப்பாக்களுக்கு: பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது, சென்னை தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, போகிறவர்கள் போகட்டும். என் மன்றத்தில் பெரும்பாலோர் பொறியியலும் வணிகவியலும்தான் படிக்கப் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பைத்தான் எழுதிய பையன் சிவில் எடுக்கப் போவதாகச் சொல்கிறான்.

வரும் கல்வியாண்டுக்குப் பிள்ளைகள் ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றி எடுக்க வேண்டும் என்கிறார்கள், கழிவுநீரைப் பற்றியும் சேர்த்து. அதற்கு ஆலைக்காரர்கள், விவசாயிகள், அதிகாரிகள் என்று மூன்று தரப்பிடமும் போக வேண்டும். பள்ளி வாகனம் வேண்டும், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். மன்றத்தின் பெற்றோர்களில் சிலர் ஆலை வைத்திருப்பவர்கள் என்பது வேறு. கால அட்டவணை வரைவில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைப் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குச் சிறப்புக் கணிதம் வேண்டும் என்று அதே பாடவேளையைக் கணித ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உங்களுக்கு என்றார், புள்ளியியல் வரும் வாரங்களில் தானும் வந்து உட்காருவதாகவும் சொன்னார். தாளாளர் ஜூனில் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.